பேனாக் கோடு எந்த நாட்டு முத்திரை? அஞ்சல் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் அஞ்சல் சேவையை நடத்தும் நிர்வாகத்தினருக்கும், அதை மேற்பார்வையிடும் அதிகாரிகளுக்கும்,

எங்கள் பட்டணத்துத் தபால் நிலையத்தின் கண்ணாடிக் கதவில் நீங்கள் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தேன். இந்த ஆண்டு முடிவோடு நிலையம் மூடப்படும், அப்புறம் எதிர்வரிசை மளிகைக்கடையில் ஒரு முகவர் கவுண்டர் இருக்கும், பார்சல் அனுப்பலாம், பில் கட்டலாம் என்று போட்டிருக்கிறது. அந்தத் தாளில் ஸ்டாம்பு என்ற சொல் இல்லை. ஸ்டாம்பின் மேல் ஊர்ப் பெயரும் தேதியும் அடிக்கிற முத்திரை என்ற சொல்லும் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மலாயில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். இல்லை.

நலம் விசாரிக்கும் பழக்கம் எனக்கும் உண்டு. இன்றைக்கு வேண்டாம்.

நான் மெர்டேக்கா வருஷத்தில், அதாவது நாடு சுதந்திரம் பெற்ற 1957ல் பிறந்தவன். இங்கிருந்து ஐந்து மைலில் இருந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் வளர்ந்தேன். 'இருந்த' என்று சொல்கிறேன், ஏனென்றால் இப்போது அங்கே லயமும் இல்லை பால்மரமும் இல்லை, ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, மறுபக்கம் ஒரு தாமான், அதாவது புதுக் குடியிருப்பு. என் அப்பா தோட்டத்துத் தபால் ஆள். காலையில் வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் பூட்டுப் போட்ட கான்வாஸ் பையை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பட்டணத்துக்கு மிதிப்பார், இப்போது நீங்கள் மூடப்போகிற அதே கட்டடத்துக்கு. பைக்கு இரண்டு சாவி. ஒன்று தபால் நிலையத்தில், மற்றது தோட்ட ஆப்பீஸில் எழுத்தரான கிராணியாரிடம். அப்பாவிடம் சாவி கிடையாது. அவருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது, ஆனால் பையைக் கிராணியார் மேசையில் கொட்டியதும் ஸ்டாம்பைப் பார்த்தே இது தோட்ட மேனேஜர் துரைக்கு, இது கிராணியாருக்கு, இது நாலாம் லயத்துக் கிழவிக்கு என்று பாதியைப் பிரித்துவிடுவார். துரைக்கு வருவதில் ராணி தலை இருக்கும். கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர், அவருக்கு இலங்கை ஸ்டாம்பு. லயத்துக்காரர்களுக்கு சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நீலநிற ஏரோகிராம் வரும். சாவு செய்தியும் கல்யாணச் செய்தியும் ஒரே நீலத்தில்தான் வரும், பிரித்தால்தான் தெரியும்.

என் ஸ்டாம்புப் பைத்தியம் அந்த மேசையில்தான் ஆரம்பித்தது. 1968 அக்டோபர், மெக்சிகோ ஒலிம்பிக். தோட்டத்தில் ரேடியோ வைத்திருந்தவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் நம் நாட்டு ஓட்டக்காரர் ஜெகதீசன் பேச்சுதான். 200 மீட்டரில் அரையிறுதி வரை போனார். அந்த ஒலிம்பிக்கில் அவர் ஓடிய 20.92 விநாடியை இந்த நாட்டில் இன்னொருவர் முந்த 2017 வரை ஆனது. அந்த வருஷக் கடைசியில் எங்கள் சித்தப்பா சேலத்திலிருந்து, ஏரோகிராம் தீர்ந்துபோயிருக்கும் போல, உறையில் போட்டு ஒரு கடிதம் அனுப்பினார். அதில் இந்தியா மெக்சிகோ ஒலிம்பிக்குக்காக வெளியிட்ட ஸ்டாம்பு. எனக்குப் பதினொரு வயது. நான் செய்ததைக் கேளுங்கள். உறை மூலையைக் கிழித்து, ரப்பர் பால் பிடிக்கிற புது மங்கு ஒன்றில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டு, ஸ்டாம்பை உரித்துக் காயவைத்து நோட்டுப் புத்தகத்தில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். மங்கை எடுத்ததற்கு அப்பாவிடம் வாங்கியது தனி. மறுநாள் பெருமையாகக் கிராணியாரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "தம்பி, முத்திரையில் பாதி எங்கே?" என்றார்.

பாதி முத்திரை குப்பையில் இருந்தது. எந்த ஊரில் எந்தத் தேதியில் போட்ட கடிதம் என்று சொல்கிற பாதி அதுதான். கிராணியார் அன்றைக்குச் சொன்னதை இன்றுவரை நான் விடவில்லை: ஸ்டாம்பை மட்டும் வைத்திருந்தால் அது படம், உறையோடு முத்திரையோடு வைத்திருந்தால்தான் அது கடிதம் வந்த கதை. அவர் காட்டிய உறைகளில் ஒன்று லண்டன் 1948 ஒலிம்பிக் காலத்தில் வெம்பிளியில் போட்டது. எந்திர முத்திரையிலேயே ஐந்து வளையம் அலைகளுக்கு நடுவில் இருக்கும். ஸ்டாம்பைவிட எனக்கு அந்தக் கறுப்பு மைதான் பிடித்துப்போனது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உங்கள் ஊழியர்களில் பலருக்கு, தப்பாக நினைக்காதீர்கள், ஸ்டாம்பு சேர்ப்பவன் என்றால் படம் சேர்ப்பவன் என்ற எண்ணம் இருக்கிறது. படம் வேண்டுமென்றால் எனக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அறுபதுகளின் கடைசியில் எங்கள் பட்டணத்துப் புத்தகக்கடையில் காசுக்கு ஒரு பொட்டலம் என்று தொங்கும். அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் கைவைன், மனாமா என்று அரபு வளைகுடாப் பக்கத்துக் குட்டி ஊர்களின் பெயரில் வந்தவை. எல்லாம் ஒலிம்பிக், எல்லாம் பெரிசு பெரிசாக, தங்கக் கலர் அடித்தது. அந்த ஊர்களில் கடிதம் எழுத எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்காதீர்கள். அவை பையன்களின் பாக்கெட் காசுக்காகவே ஐரோப்பாவில் அச்சடித்தவை. மூலையில் அழகாக ஒரு வட்ட முத்திரை இருக்கும், திருப்பினால் பின்னால் பசை அப்படியே இருக்கும். அதாவது, ஒரு உறையிலும் ஒட்டாமல், ஒரு மைல்கூடப் போகாமல், அச்சகத்திலேயே 'பயணம் முடித்த' ஸ்டாம்பு. எனக்கு அது புரிந்தபோது ஏமாந்துபோன மாதிரி இருந்தது, இரண்டு வருஷத்துப் பாக்கெட் காசு அதில் போயிருந்தது.

அப்போதுதான் முடிவு பண்ணினேன், ஒலிம்பிக்குக்கு நானே ஒரு உறையைப் பயணம் அனுப்புவது என்று.

1972 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை, மியூனிக் ஒலிம்பிக் தொடங்கிய நாள். சிவப்பும் நீலமும் கரை போட்ட விமானத் தபால் உறை, 'மெல் உடாரா' சீட்டு ஒட்டி, என் பெயரையே போட்டு, மியூனிக் பிரதான தபால் நிலையம், போஸ்ட் ரெஸ்டான்ட் என்று விலாசம் எழுதினேன். வந்து வாங்குபவர் வரும்வரை அங்கே வைத்திருப்பார்கள், யாரும் வராவிட்டால் அனுப்பியவருக்கே திருப்புவார்கள். நான் எங்கே மியூனிக் போக? அதுதானே கணக்கு. உறை போகும், காத்திருக்கும், அந்த ஊர் முத்திரைகளை வாங்கிக்கொண்டு திரும்பி வரும். கவுண்டரில் இருந்த தபால் மாஸ்டர் விலாசத்தையும் அனுப்புநர் பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார். முத்திரை அடிக்கிற சாப்பை எடுத்து மையில் ஒற்றி, ஒரு வெற்றுத் தாளில் ஒரு தடவை அடித்துப் பார்த்து, பிறகு ஸ்டாம்பின் மேல் பாதியும் உறையின் மேல் பாதியும் விழும்படி அடித்தார். அதை நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார்.

அந்த ஒலிம்பிக்குக்கு நம் கால்பந்துக் குழுவும் போயிருந்தது, எம். சந்திரன் ஆடிய குழு. அமெரிக்காவை 3-0 என்று வென்றார்கள், மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றார்கள். செப்டம்பர் 5 அன்று நடந்ததை உலகமே அறியும். பயங்கரவாதத் தாக்குதலில் இஸ்ரேல் குழுவில் பதினொரு பேர் வீடு திரும்பவில்லை. என் உறை நவம்பரில் திரும்பி வந்தது. அதை அன்றைக்கு எப்படிப் பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகத்தான் புரட்டுவேன்.

அந்த உறையில் இன்னொன்று இருக்கிறது, பல வருஷம் கழித்துத்தான் கவனித்தேன். மலாய் எழுத்துமுறை மாறியது 1972 ஆகஸ்ட் 16ஆம் தேதி. பத்து நாள் கழித்து விழுந்த என் முத்திரையில் எங்கள் ஊர்ப் பெயர் பழைய எழுத்தில் இருக்கிறது, 1976 உறையில் புது எழுத்தில். நாட்டின் எழுத்து மாறியதற்கு எங்கள் சின்னப் பட்டணம் கொடுத்த சாட்சி அந்த இரண்டு வட்டங்கள். தெலுக் ஆன்சன் 1982ல் தெலுக் இந்தான் ஆனதையும் முத்திரை சேர்ப்பவர்கள் இப்படித்தான் கையில் வைத்திருக்கிறார்கள். ஊரின் பெயர், நாள் இரண்டையும் ஒரே அடியில் அரசாங்க மையில் பதிவது உங்கள் சாப் மட்டும்தான். ரசீது ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும், எடுத்துப் பாருங்கள்.

மியூனிக்கிலிருந்து தொடர்ந்தேன். மான்ட்ரியல், மாஸ்கோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சோல், பார்சலோனா, அட்லாண்டா, சிட்னி, ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன், ரியோ, டோக்கியோ. ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாள் தேதியில், இதே கவுண்டரில். பதின்மூன்று அனுப்பினேன், பன்னிரண்டு திரும்பின. அட்லாண்டா உறை இன்றுவரை வரவில்லை. அதற்காக நான் உங்களிடம் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், தபாலில் போட்டால் தொலையவும் செய்யும்.

இதில் மாஸ்கோ உறை தனி. 1980ல் நம் கால்பந்துக் குழு மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று தகுதி பெற்றது, கோல் காத்தவர் ஆறுமுகம். பிறகு நம் நாடு போட்டியைப் புறக்கணித்தது, ஒருவரும் போகவில்லை. சோவியத் யூனியனோ 1976 கடைசியிலிருந்தே மாஸ்கோ ஒலிம்பிக் ஸ்டாம்புகளைச் செலவுக்குக் கூடுதல் கட்டணம் சேர்த்து அடுக்கடுக்காக வெளியிட்டுக்கொண்டிருந்தது. புறக்கணிப்புச் செய்தி வந்தபோது ஒட்டுக்கடையில் ஒருவர் டீ கிளாஸைத் தட்டி உடைத்தார், நான் பார்த்தேன். ஜூலை 19 அன்று நான் உறையோடு கவுண்டரில் நின்றேன். போட வேண்டுமா என்று எனக்கே சந்தேகம். தபால் மாஸ்டர் (இவர் வேறொருவர், மலாய்க்காரர், கால்பந்து என்றால் உயிர்) உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆள்தான் போகவில்லை, இதாவது போகட்டும்" என்று சொல்லி அடித்தார். அந்த ஒலிம்பிக்குக்கு எங்கள் பட்டணத்திலிருந்து போனது அந்த ஒரு வட்ட முத்திரைதான். மூன்று மாதம் கழித்து ரஷ்ய எழுத்து முத்திரைகளோடு வந்தது.

டோக்கியோவையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலை 23, நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த நேரம். முகக்கவசத்தோடு, வரிசையில் மஞ்சள் கோட்டில் நின்று, என் முறை வந்தபோது கண்ணாடித் தடுப்புக்கு அடியில் உறையைத் தள்ளினேன். அன்றைக்கும் சாப் இருந்தது. நோய்க் காலத்தில் முடிந்த வேலை அது.

இப்போது 2024 ஜூலை 26க்கு வருகிறேன்.

பாரிஸில் தொடக்க விழா நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு. ஆனால் என் கணக்குக்கு அவர்கள் தேதிதான், அதனால் காலையிலேயே போய்விட்டேன். கவுண்டரில் ஒரு சின்னப் பெண். ஸ்டாம்பு கேட்டேன். "செத்தெம் ஹாபிஸ், அங்கிள்" என்றார், தீர்ந்துவிட்டதாம். எப்போது வரும் என்றதற்குக் கொஞ்ச நாளாகவே வருவதில்லை என்றார். எந்திரத்தில் அடித்த ஒட்டுச்சீட்டு தருகிறேன், அது போதும் என்றார். நான் எதற்கும் தயாராகப் போனவன். முன்பு இதே கவுண்டரில் வாங்கி வைத்திருந்த விளையாட்டு ஸ்டாம்புகளைக் கணக்குப் பார்த்து ஒட்டி நீட்டினேன். சாப் அடியுங்கள் என்றேன். அந்தப் பெண் இழுப்பறையைத் திறந்து பார்த்து, உள்ளே போய்க் கேட்டு, திரும்பி வந்து சொன்னார்: ஊர்ப் பெயர் போட்ட சாப்பைப் பெரிய ஆப்பீஸ் எடுத்துப்போய்விட்டது, இங்கே இருப்பது ரசீதுக்கு அடிக்கிற ரப்பர் சாப்தான், அதை உறையில் அடிக்கக்கூடாது என்று உத்தரவு. பிரித்தனுப்பும் மையத்தில் முத்திரை விழும், கவலைப்படாதீர்கள் என்றார். மரியாதையாகத்தான் பேசினார். இந்த மடல் அவருக்கு எதிராக அல்ல, அவரைத் தயவுசெய்து கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து உறை பாரிஸிலிருந்து திரும்பி வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பங்குக்குத் தேதியும் முத்திரையும் திருப்பியனுப்பும் மஞ்சள் சீட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில்? ஸ்டாம்புகளின் மேல் நீலப் பால்பாயின்ட் பேனாவில் ஒரு கோடு, இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலை வரை. மூன்றாவது ஸ்டாம்பில் ஓட்டக்காரனின் முகத்துக்குக் குறுக்கே. அவ்வளவுதான். ஊர் இல்லை, தேதி இல்லை. அந்த உறை எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு என் கையெழுத்தைத் தவிர ஆதாரம் இல்லை.

சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு என் வீட்டு ஐந்தடியில் ஸ்டாம்பு சொல்லிக்கொடுக்கிறேன். ஐந்தடி என்றால் வெளித் திண்ணை, உங்களுக்குத் தெரியும். பதினொரு பிள்ளைகள். கைப்பேசி விளையாட்டை ஒரு மணி நேரம் மறக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். மியூனிக்கிலிருந்து வரிசையாக உறைகளைக் காட்டி, இது எந்த ஊர் முத்திரை, இந்த எழுத்து எந்த நாட்டு எழுத்து என்று கேட்பேன், சரியாகச் சொன்னவருக்கு ஒரு ஸ்டாம்பு. பாரிஸ் உறை வந்ததும் நாலாம் ஆண்டுப் படிக்கிற ஒரு பெண் பிள்ளை கூர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, இந்தப் பேனாக் கோடு எந்த நாட்டு முத்திரை?"

அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்களே சொல்லுங்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

சிறுவனாக இருந்தபோது, ஒரு அடிகூட நகராத அஜ்மான் ஸ்டாம்பில் முத்திரை இருந்தது. இப்போது பூமியின் மறுபக்கம் போய்த் திரும்பிய உறையில் முத்திரை இல்லை. முதல் பொய்யைச் செய்தவர்கள் பையன்களின் காசைப் பறிக்கச் செய்தார்கள். நீங்கள் எதற்காகச் செய்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இதைப் பற்றி இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். முதல் தடவை பதில் இல்லை. இரண்டாவது தடவை மின்னஞ்சலில் ஒரு பதில் வந்தது, என் பொருள் பாதுகாப்பாகப் பட்டுவாடா செய்யப்பட்டுள்ளதாக எந்திரம் உறுதி செய்கிறது என்று. பட்டுவாடா ஆகவில்லை என்று நான் சொல்லவேயில்லையே.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும், நாங்களும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து உங்கள் பக்கம் நின்று பேசிப் பார்த்தோம். இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள் என்பீர்கள். உண்மைதான், நானே என் மகளுக்கு வாட்ஸ்அப்பில்தான் எழுதுகிறேன். ஆனால் கடிதம் குறைந்தால் சாப் தேய்வதும் குறையும், மைச் செலவும் குறையும், அதை எடுத்துப்போக என்ன அவசரம்? பெரிய நகரங்களில் ஸ்டாம்பு சேர்ப்பவர்களுக்குத் தனிக் கவுண்டர் இருக்கிறது, அங்கே போங்கள் என்பீர்கள். போகலாம். பஸ் பிடித்து ஒன்றரை மணி நேரம் போனால் அந்த நகரத்து முத்திரை கிடைக்கும். எனக்கு வேண்டியது இந்த ஊர் முத்திரை. ஈப்போ முத்திரையை வைத்துக்கொண்டு நான் ஈப்போவில் வளர்ந்தேன் என்று யாரிடம் சொல்ல? ஸ்டாம்பு வெளியாகும் நாளின் முத்திரை போட்ட அழகான முதல் நாள் உறைகளைத் தலைநகரிலேயே அடித்து நெகிழித் தாளில் போட்டு விற்கிறோமே, இணையத்தில் வாங்கலாமே என்பீர்கள். அவற்றையும் வாங்குகிறேன், ஒன்றும் குறைசொல்லவில்லை. ஆனால் அது கல்யாண மண்டபத்தில் எடுத்த போட்டோ, நான் கேட்பது வீட்டில் எடுத்தது.

செலவைப் பற்றிப் பேசினால் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டாம்பை வாங்கி ஆல்பத்தில் வைப்பவன், நீங்கள் செய்யாத வேலைக்கு முன்பணம் கொடுத்தவன். அதை ஒட்ட மாட்டான், தபால்காரரை வெயிலில் அலையவிட மாட்டான். உலகத்தில் இதைவிட நல்ல வாடிக்கையாளர் உங்களுக்குக் கிடைப்பாரா? இது என் கண்டுபிடிப்பும் இல்லை. 1896ல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடத்தக் கிரேக்கர்களிடம் பணம் போதவில்லை. பன்னிரண்டு ஸ்டாம்புகள் வெளியிட்டார்கள், உலகத்தின் முதல் ஒலிம்பிக் ஸ்டாம்புகள் அவைதான், அந்த விற்பனைப் பணமும் போட்டியைத் தூக்கி நிறுத்தியது. ஜப்பான் டோக்கியோ 1964க்கு முன்னால் 1961லிருந்தே ஐந்து யென் ஸ்டாம்பைப் பத்து யென்னுக்கு விற்றது, கூடுதல் ஐந்து யென் ஒலிம்பிக் செலவுக்கு, ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒன்றாக இருபது. மூலையில் நிற்கிற சதுரம், பட்டம் மாதிரி இருக்கும். கிராணியார் எனக்கு அதில் இரண்டு கொடுத்தார், இன்னும் பதினெட்டு சேர்க்க எனக்கு இருபது வருஷம் ஆனது. அந்த ஒலிம்பிக்கின் தீபம் விமானத்தில் டோக்கியோ போகும் வழியில் கோலாலம்பூரிலும் இறங்கிப் போனது, நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் சனிக்கிழமைப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் தெரியும், ஒரு ஸ்டாம்பைக் காட்டித்தான் சொன்னேன்.

நம் நாட்டு ஸ்டாம்புகளும் சும்மா இல்லை. 1965ல் கோலாலம்பூரில் சீப் என்ற தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி நடந்தபோது வந்த மூன்றில் ஒன்றில் பிரம்புப் பந்தைக் காலால் உதைத்து ஆடும் செப்பாக் ராகா. 1975 உலகக் கிண்ண ஹாக்கி. 1992ல் பூப்பந்தில் தாமஸ் கிண்ணம் வென்றதற்கு வந்தவை. அதே வருஷம் பார்சலோனாவில் பூப்பந்து ஆடிய சிடேக் சகோதரர்கள் ரஸிஃபும் ஜலானியும் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கினார்கள், அந்த உறை திரும்பி வந்தபோது தபால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே மணி அடித்து "கங்சா!" என்று கத்திக்கொண்டே கொடுத்தார், வெண்கலம் என்று. 1986ல் வந்த சாதாரண ஸ்டாம்பு வரிசையைப் பாருங்கள், 15 காசுக்கு ரப்பர், 20 காசுக்கு செம்பனை. எங்கள் தோட்டத்துப் பிழைப்பை ஸ்டாம்பில் போட்ட இலாகாதான், இன்று தோட்டப் பட்டணத்தில் ஸ்டாம்பு விற்பதில்லை.

பேனாக் கோட்டினால் ஆகும் நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம். கண்காட்சிக்கு வைக்கும் உறையில் நடுவர்கள் முதலில் பார்ப்பது ஸ்டாம்பு சரியான கட்டணத்துக்கு ஒட்டியிருக்கிறதா, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா, போன வழி தெரிகிறதா என்பதைத்தான். பேனாவால் கிறுக்கிய உறையை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வருஷ வரிசையின் கடைசி உறை அப்படி ஓரமாகப் போகும். விலை என்று பார்த்தால் என் உறைகள் எதற்கும் பெரிய விலை கிடையாது, நான் விற்கப்போவதும் இல்லை. பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கிறேன்.

சரி, எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நிலையத்தை மூடியே தீர வேண்டும் என்றால், அது உங்கள் கணக்கு, நான் உங்கள் வரவுசெலவைப் பார்த்தவன் இல்லை. ஆனால் மளிகைக்கடையில் வரப்போகிற கவுண்டரில் ஸ்டாம்பு இருக்க வேண்டும், ஒட்டுச்சீட்டு மட்டும் போதாது. சாதாரண ஸ்டாம்பும், புதிதாக வெளிவருகிறவற்றில் சிலவும், விளையாட்டு ஸ்டாம்பு வந்தால் அது நிச்சயமாகவும். பத்துத் தாள் அனுப்பினால் போதும், விற்காவிட்டால் நானே வாங்கிக்கொள்கிறேன், இதை எழுதியே தருகிறேன்.

எங்கள் ஊர்ப் பெயர் போட்ட சாப்பைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அது எங்கே இருக்கிறது என்று முதலில் தேடிச் சொல்லுங்கள், பழைய இரும்புக்குப் போய்விடவில்லை என்ற செய்தியே எனக்கு இப்போதைக்குப் போதும். கேட்பவர்களுக்கு அந்த நாள் தேதியோடு கையால் அடித்துக் கொடுக்க முகவருக்கு அனுமதி கொடுங்கள். முகவரிடம் கொடுக்க விதி இடம்தராது என்றால், வாரத்தில் ஒரு நாள், மாதத்தில் ஒரு நாள் என்றாலும் உங்கள் ஆள் ஒருவர் சாப்போடு வரட்டும். எங்களுக்குக் காத்திருக்கத் தெரியும், போஸ்ட் ரெஸ்டான்ட்டில் பழகியவர்கள்.

பிரித்தனுப்பும் மையங்களுக்கும் பட்டுவாடா செய்கிறவர்களுக்கும், ஸ்டாம்பின் மேல் பேனா வைக்கக்கூடாது என்று எழுத்தில் ஒரு உத்தரவு போடுங்கள். முத்திரை விழாமல் தப்பி வந்த உறைக்கு என்ன செய்வது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

நிலையத்தின் கடைசி நாள் எது என்று ஒரு மாதம் முன்னதாக எல்லா மொழியிலும் கதவில் போடுங்கள், தமிழிலும். அந்த நாள் முத்திரையோடு உறை போட இந்தப் பட்டணத்தில் என்னைத் தவிரவும் ஆட்கள் இருக்கிறார்கள். தோட்டத்துத் தபால் பையைத் தூக்கியவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தக் கவுண்டரில் ஊருக்கு மணியார்டர் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்றைக்கு மை காய்ந்த சாப் வேண்டாம், நல்ல மை வையுங்கள்.

அதற்கும் பிறகு அந்தச் சாப் உங்களுக்குத் தேவையில்லை என்று ஆகிவிட்டால், யாரும் தவறாகப் பயன்படுத்த முடியாதபடி தேதிப் பகுதியைக் கழற்றிவிட்டு, தமிழ்ப்பள்ளிக்கோ மாநில அருங்காட்சியகத்துக்கோ கொடுங்கள். பெட்டி நான் செய்து தருகிறேன்.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் 2028 ஜூலை 14 தொடங்குகிறது, வெள்ளிக்கிழமை. உறை தயாராக இருக்கிறது, விலாசம்கூட எழுதிவிட்டேன். அன்றைக்கு இந்தப் பட்டணத்தில் அதை யாரிடம் நீட்டுவது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இதற்குப் பதிலை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். கடிதமாக அனுப்புங்கள், ஸ்டாம்பு ஒட்டி, சாப் அடித்து. என் விலாசம் உங்களிடம் இருக்கிறது, பாரிஸ் உறையை அதைப் பார்த்துத்தானே கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துத் தபால் ஆளின் மகன்